வயது வந்தபின் தெரியவரும் ஆட்டிசம், ஏடிஎச்டி: பிரிட்டனின் இன்டக்ரேட்டிவ் கவுன்சலிங் கொடுக்கிற காசுக்குத் தகுமா?

முப்பது, நாற்பது வயதில் ‘உங்களுக்கு ஆட்டிசம்’ அல்லது ‘ஏடிஎச்டி’ (கவனம் சிதறும், துறுதுறுப்பு அடங்காத நிலை) என்று எழுதிய அறிக்கை கைக்கு வரும்போது, கூடவே வருவது பெரும்பாலும் ஒரு பிடிஎஃப்பும் நாலைந்து இணைய முகவரிகளும்தான். ஏடிஎச்டி என்றால் மருந்து வேண்டுமா என்று கேட்பார்கள். வேலையிடத்துக்குக் கொடுக்க ஒரு கடிதம் கிடைக்கலாம். சோம்பேறி, திமிர் பிடித்தவள், யாரோடும் ஒட்டாதவன் என்று இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு உள்ளே படிந்ததை என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. இங்கிலாந்தில் அந்த இடத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் தனியாக கிளினிக் வைத்திருக்கும் இன்டக்ரேட்டிவ் ஆலோசகர்கள். அந்தச் சேவையைத்தான் இங்கே எடைபோடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சரியான ஆலோசகர் அமைந்தால் இது காசுக்குத் தகும். விளம்பரத்தில் ‘இன்டக்ரேட்டிவ்’ என்றோ ‘நியூரோடைவர்ஜென்ட்களை (ஆட்டிசம், ஏடிஎச்டி போல மூளை வேறுவிதமாக இயங்குபவர்களை) வரவேற்கிறேன்’ என்றோ இருப்பதை வைத்து அவரைக் கண்டுபிடிக்க முடியாது. தன் வழக்கமான வேலைமுறையில் எதை எதை மாற்றிக்கொள்வார் என்று அவரால் குறிப்பாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடியாதவரிடம் ஆறு வாரத்தில் 400 பவுண்ட் போய்விடும், பழைய காயத்தின் மேல் இன்னொன்றும் சேரும்.

பல தெரபி முறைகளைச் சேர்த்துப் பயிற்சி பெற்றவர் என்பதுதான் இன்டக்ரேட்டிவ் என்பதன் பொருள். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் வகுத்துச் சொன்ன, ஏற்பையும் புரிதலையும் மையமாக வைத்த உறவு, சிறுவயதின் தடங்களைத் தேடும் சைக்கோடைனமிக் பார்வை, எண்ணத்தையும் செயலையும் நேரடியாகத் தொடும் சிபிடி, மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகும் விதத்தை அலசும் எரிக் பெர்னின் டிரான்சாக்‌ஷனல் அனாலிசிஸ், இந்தக் கணத்தின் அனுபவத்தைக் கவனிக்கும் கெஸ்டால்ட். இவற்றில் இரண்டு மூன்றை ஆழமாகவும் மற்றதை மேலோட்டமாகவும் கற்றிருப்பார். தாமதமாகத் தெரியவந்தவர்களுக்கு இந்தக் கலவை பொருந்துவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அவர்கள் கொண்டுவருவது ஒரே வகைச் சுமை இல்லை. ‘முன்னாலேயே தெரிந்திருந்தால்’ என்ற துக்கம், பள்ளியிலிருந்து தொடரும் அவமானம், பிரிக்காமல் கிடக்கும் கடிதக் கட்டு, எல்லாம் ஒரே நேரத்தில் வரும். துக்கத்துக்கு வொர்க்‌ஷீட் உதவாது. கட்டாமல் விட்ட கவுன்சில் டாக்ஸுக்கு (உள்ளூராட்சி வரிக்கு) அமைதியாகத் தலையாட்டிக் கேட்பது உதவாது. எப்போது எது வேண்டும் என்று தெரிந்தவர் தேவை.

எதற்கு இது ஆகாது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். ஆலோசகர் ஆட்டிசத்தையோ ஏடிஎச்டியையோ டயக்னோஸ் செய்ய முடியாது, மருந்தும் எழுத முடியாது. சிதறும் கவனத்தைக் கவுன்சலிங் குணப்படுத்தாது. பெரியவர்களின் ஏடிஎச்டிக்கு, சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சூழலை மாற்றிப் பார்த்தும் பாதிப்பு நீடித்தால் மருந்தை முன்வைக்கிறது. மருந்து வேண்டாதவர்களுக்கும் ஒத்துவராதவர்களுக்கும் மருந்து மட்டும் போதாதவர்களுக்கும் கட்டமைப்புள்ள உளவியல் உதவி. ‘என்னோடு பத்து செஷன் வந்தால் மருந்தே வேண்டாம்’ என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம்

பிரிட்டனில் ‘கவுன்சலர்’, ‘சைக்கோதெரபிஸ்ட்’ என்ற பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. பயிற்சியே இல்லாதவரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’, ‘கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்’ போன்ற பெயர்களை எச்சிபிசி (சுகாதாரத் துறையினருக்கான சட்டப்பூர்வப் பதிவு அமைப்பு) பதிவு இல்லாமல் போட முடியாது, ஆனால் வெறும் ‘சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். அதனால் முதல் வேலை பதிவேட்டில் பெயரைத் தேடுவது. பிஏசிபி, யுகேசிபி, என்சிபிஎஸ் போன்ற ஆலோசகர் அமைப்புகளின் பதிவேடுகளுக்கு, அவற்றைச் சரிபார்க்கும் புரொஃபஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் அத்தாரிட்டியின் அங்கீகாரம் உண்டு. அங்கே பெயர் இருந்தால் முறையான படிப்பும் பயிற்சிக்கால நேரடி அனுபவமும் இருக்கும் (பிஏசிபியில் குறைந்தது 100 மணி நேரம்). தொடர் சூப்பர்விஷன் (தன் வேலையை இன்னொரு அனுபவசாலியிடம் பேசித் திருத்திக்கொள்வது) உண்டு, புகார் கொடுக்க ஓர் இடமும் உண்டு. பிஏசிபியின் ‘அக்ரெடிட்டட்’ நிலைக்கு 450 மணி நேர அனுபவமும் மாதம் ஒன்றரை மணி நேர சூப்பர்விஷனும் வேண்டும்.

இந்தப் பதிவு எதுவும் ஒருவருக்கு ஆட்டிசம் புரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அடிப்படைப் படிப்புகள் பலவற்றில் அதற்கு ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு வார இறுதிப் பயிலரங்கை முடித்துவிட்டு ‘ஸ்பெஷலிஸ்ட்’ என்று எழுதிக்கொள்வதைத் தடுக்க எந்த விதியும் இல்லை.

செஷன் என்றால் 50 நிமிடம், வாரம் ஒருமுறை. லண்டனுக்கு வெளியே பெரும்பாலும் 50 முதல் 70 பவுண்ட். லண்டனுக்குள் 70இலிருந்து 100, அதற்கு மேலும் உண்டு. 60 பவுண்ட் என்று வைத்தால் 12 வாரத்துக்கு 720. விடுமுறை கழித்து ஒரு வருடம் 42 வாரம் போனால் 2,520. பலர் குறைந்த வருமானக்காரர்களுக்கு இரண்டு மூன்று இடங்களைக் குறைந்த கட்டணத்தில் வைத்திருப்பார்கள். அதை அவர்களாகச் சொல்லாவிட்டாலும் கேட்கலாம், கேட்பதில் எந்தத் தாழ்வும் இல்லை. பயிற்சி மாணவர்களை வைத்து நடத்தும் மையங்களில் இதைவிட வெகு குறைவு. அங்கே உள்ள சிக்கல், மாணவரின் படிப்பு முடியும்போது உங்கள் தெரபியும் முடிந்துவிடலாம். மாற்றத்தைத் தாங்கச் சிரமப்படுகிற ஆட்டிசம் உள்ளவருக்கு இது சின்ன விஷயமில்லை. முதல் நாளே முடியும் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டணத்தில் ஏடிஎச்டி உள்ளவர்களை அதிகம் கடிப்பது ரத்து விதி. 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் முழுக் கட்டணம். மறதியே பிரச்சினையாக இருக்கிறவருக்கு இது மாதாமாதம் தண்டமாக மாறும். ஆலோசகருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் பிழைப்பு, விதி வேண்டாம் என்று சொல்ல முடியாது. நல்லவர்கள் செய்வது: முதல் நாள் மாலையும் அன்று காலையும் குறுஞ்செய்தி, எல்லா வாரமும் ஒரே கிழமை ஒரே நேரம், நேரில் வர முடியாமல் போனால் அதே நேரத்தை வீடியோவாகவோ தொலைபேசியாகவோ மாற்றிக்கொள்ளும் வசதி. இந்த மூன்றும் இருந்தால் தவறவிடுவது வெகுவாகக் குறையும்.

எங்கே சறுக்குகிறது

ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு உளவியல் சிகிச்சையை எப்படி மாற்ற வேண்டும் என்று நைஸ் 2012இலேயே எழுதிவிட்டது. கட்டமைப்பு கூடுதலாக இருக்க வேண்டும். எழுத்தும் படமும் வேண்டும். விதிகளை வெளிப்படையாகச் சொல்லி, ஏன் என்றும் விளக்க வேண்டும். உருவகப் பேச்சையும் ‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்’ வகைக் கற்பனைக் கேள்விகளையும் குறைக்க வேண்டும். எண்ணத்தைவிடச் செயலை மாற்றுவதில் கவனம் வேண்டும். இடைவேளை விட வேண்டும், அவருக்குப் பிடித்தமான துறையைப் பேச்சுக்குள் கொண்டுவர வேண்டும். இது பொதுவெளியில் கிடைக்கும் ஆவணம். இதைப் படிக்காமலே இந்தத் துறையில் விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வருத்தமான உண்மை.

முதல் சறுக்கல் மௌனத்தில். ரோஜர்ஸ் வழியில் பயின்றவர் ‘இன்று எதைக் கொண்டுவந்திருக்கிறீர்கள்’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அவருக்கு அது மரியாதை, உங்களுக்கு இடம் விடுவது. ஆட்டிசம் உள்ளவருக்கு அது விடை தெரியாத தேர்வு. என்ன எதிர்பார்க்கிறார் என்று ஊகிப்பதிலேயே இருபது நிமிடம் போய்விடும், அந்த ஊகிக்கும் வேலைதான் வெளியுலகில் அவரைக் களைப்பாக்கியதும். ஒரு தாளில் மூன்று வரி நிகழ்ச்சி நிரலோடு தொடங்கினால் போதும்: போன வாரத்திலிருந்து ஒன்று, இன்றைக்கு ஒன்று, கடைசி ஐந்து நிமிடம் முடித்துவைக்க.

இரண்டாவது, ‘அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?’ என்ற கேள்வி. தன் உணர்ச்சியை அடையாளம் கண்டு சொல்வதில் உள்ள சிரமத்துக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர், ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது அதிகம். அவர் ‘தெரியவில்லை’ என்றால் உண்மையிலேயே தெரியவில்லை. அதை மழுப்பல் என்று எடுத்துக்கொண்டு மேலும் குடைகிற ஆலோசகர் அவரைப் பொய் சொல்லப் பழக்குகிறார்: அந்த இடத்துக்குப் பொருத்தமாக ஒரு ‘கவலையாக இருந்தது’ வரும், ஆலோசகர் திருப்தி அடைவார், வேலை எதுவும் நடந்திருக்காது. இதற்கு வழிகள் உண்டு. உடலிலிருந்து தொடங்கலாம்: தாடை இறுகியதா, பசி எடுத்ததா, கை சூடாக இருந்ததா. திறந்த கேள்விக்குப் பதில் மூன்று தெரிவுகளைக் கொடுக்கலாம். அல்லது ‘அடுத்த வாரம் சொல்லுங்கள்’ என்று விட்டுவிடலாம். பலருக்குப் பதில் இரண்டு நாள் கழித்துப் பாத்திரம் கழுவும்போதுதான் வரும். அதை மின்னஞ்சலில் அனுப்ப அனுமதி உண்டா, ஆலோசகர் அதைப் படிப்பாரா, பதில் எழுதுவாரா என்பதை முன்பே பேசி வைக்க வேண்டும்.

மூன்றாவது, சிபிடியின் எண்ணச் சோதனை. ‘வேலையிடத்தில் என்னை யாருக்கும் பிடிக்கவில்லை’ என்பதை மிகைப்பட்ட எண்ணம் என்று எடுத்து, அதற்கு எதிரான சான்றுகளைத் தேடச் சொல்வது வழக்கம். தேடினால் ஆதரவான சான்றுதான் கிடைக்கும் என்ற நிலையில் பலர் உண்மையிலேயே இருக்கிறார்கள். ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஆட்டிசம் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த ‘டபுள் எம்பதி’ கருத்து இங்கே உதவும்: புரிதல் குறைபாடு ஒரு பக்கம் மட்டும் இல்லை, ஆட்டிசம் இல்லாதவரும் ஆட்டிசம் உள்ளவரைத் தவறாகப் படிக்கிறார். இதை அறிந்த ஆலோசகர் ‘உங்கள் எண்ணம் சரியா’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘அந்த இடத்தில் என்ன மாற்றம் கேட்கலாம்’ என்ற பேச்சுக்கு வருவார். 2010ஆம் ஆண்டின் ஈக்வாலிட்டி சட்டத்தின் கீழ் நியாயமான மாற்றங்களைக் கேட்கும் உரிமை உண்டு. அதற்கான கடிதத்தின் முதல் வரைவைச் செஷனிலேயே எழுதிவிடுகிறவர் கெட்டிக்காரர்.

இதோடு சேர்ந்தது புலனுணர்வு. சூப்பர்மார்க்கெட்டின் வெளிச்சமும் இரைச்சலும் தாங்கவில்லை என்றால், அதைப் பயமாக எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க முயல்வது தவறான மருந்து. ‘ஆபத்து வரும்’ என்ற எதிர்பார்ப்பு பொய்யாகும்போது பயம் குறைகிறது. இங்கே பொய்யாவதற்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை, இரைச்சல் உண்மையிலேயே வலிக்கிறது. காதடைப்பானும் காலை ஏழு மணிக்குக் கடைக்குப் போவதும் இங்கே தவிர்ப்பாகாது, மூக்குக்கண்ணாடி போடுவதற்குச் சமம்.

நான்காவது, எல்லாவற்றுக்கும் ஆழ்மனக் காரணம் தேடுவது. தாமதமாக வந்தால் எதிர்ப்பு, கண்ணைப் பார்க்காவிட்டால் வெட்கம், கைவிரலைத் தட்டிக்கொண்டே இருந்தால் பதற்றம். மூன்றுக்கும் நரம்பியல் காரணம் இருக்கலாம் என்பதை முதலில் பார்க்காமல் விளக்கம் சொல்லத் தொடங்குகிறவர், பள்ளியில் ஆசிரியர் செய்ததைத்தான் நாகரிகமான மொழியில் திரும்பச் செய்கிறார். ‘எல்லோருக்கும் கொஞ்சம் ஆட்டிசம் இருக்கத்தானே செய்கிறது’ என்று ஆறுதல் சொல்பவரும் இதே வகைதான்.

வீட்டுப்பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏடிஎச்டி உள்ளவருக்கு நான்கு பக்கத் தாளைக் கொடுத்தனுப்பினால் அது பையிலேயே கிடக்கும், அடுத்த செஷன் மன்னிப்புக் கேட்பதில் தொடங்கும். எதைச் செய்யச் சொன்னாலும் முதல் ஐந்து நிமிட வேலையை அறையிலேயே செய்து தொடங்கி வைக்க வேண்டும், மிச்சம் தொலைபேசி நினைவூட்டலுக்குள் போக வேண்டும்.

அறையும் சேவையின் பகுதிதான். மினுக்கும் ட்யூப் லைட், டிக் டிக் என்னும் கடிகாரம், வாசனைத் தைலம், நேருக்கு நேர் போட்ட நாற்காலி, இவை ஒவ்வொன்றும் கவனத்தைத் தின்னும். விளக்கை மாற்றச் சொல்லலாம், பக்கவாட்டில் உட்காரலாம், நடந்துகொண்டே பேசும் செஷன் கேட்கலாம். வீடியோவில் கேமராவை அணைத்துவைக்க அனுமதிக்கிறாரா என்று கேளுங்கள். தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசுவது சிலருக்கு நேரில் போவதைவிடக் களைப்பு.

துவண்டு கிடப்பது டிப்ரஷன்தானா?

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் செய்யும் தவறு இதுதான். பல வருடம் இயல்பானவர் போல நடித்தே வாழ்ந்தவர், மாஸ்கிங் என்று சொல்லப்படும் அந்த உழைப்பில் ஒரு கட்டத்தில் முற்றிலும் துவண்டுபோவார். பேச்சு குறையும், முன்பு செய்த வேலைகள் கைவராது, சத்தமும் வெளிச்சமும் முன்பைவிடக் குத்தும். இதை ஆட்டிசம் பர்ன்அவுட் என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் டிப்ரஷன் மாதிரியே இருக்கும்.

டிப்ரஷனுக்கு நிரூபணமான வழிகளில் ஒன்று, மனம் இல்லாவிட்டாலும் செயல்களைக் கூட்டுவது: நடக்கப் போ, நண்பரைப் பார், வாரத்துக்கு மூன்று திட்டம் போடு. பர்ன்அவுட்டில் இருப்பவருக்கு இதைக் கொடுத்தால் இன்னும் ஆழமாக விழக்கூடும். அவருக்கு வேண்டியது கோரிக்கைகளைக் குறைப்பது, தனிமை, பிடித்த விஷயத்தில் மூழ்க நேரம். இரண்டும் சேர்ந்தே இருக்கவும் முடியும், அப்போது எது முன்னே என்று மெதுவாகப் பிரிக்க வேண்டும். ஒரு நல்ல ஆலோசகர் கேட்கும் கேள்வி: ‘யாரையும் சந்திக்க வேண்டாம், எதுவும் செய்ய வேண்டாம் என்று ஒரு வாரம் கிடைத்தால், உங்களுக்குப் பிடித்த அந்த விஷயத்துக்குத் திரும்புவீர்களா?’ ஆசை உயிரோடு இருந்து சக்தி மட்டும் இல்லையென்றால் பர்ன்அவுட்டை நினைக்க வேண்டும். ஆசையே வற்றியிருந்தால் டிப்ரஷனை நினைக்க வேண்டும், ஜிபியிடமும் (குடும்ப மருத்துவரிடமும்) பேச வேண்டும். இது பரிசோதனை இல்லை, திசை பார்ப்பதற்கான கேள்வி மட்டும்.

நடிப்பை விடுவதிலும் வேகம் ஆபத்து. டயக்னோசிஸ் வந்த உற்சாகத்தில் அலுவலகம், திருமணம், பெற்றோர் என்று எல்லா இடத்திலும் ஒரே மாதத்தில் முகமூடியைக் கழற்றிவிட்டு, வேலையை இழந்து நிற்பவர்கள் உண்டு. பாதுகாப்பான ஒரே ஒரு இடத்தில் தொடங்கி, ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்கிறவர் அனுபவசாலி.

தமிழ்க் குடும்பங்களுக்குக் குறிப்பாக

லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இந்தக் கதை பிள்ளையிடமிருந்து தொடங்குகிறது. பிள்ளைக்கு டயக்னோசிஸ் வருகிறது, படிவத்தில் உள்ள கேள்விகளைப் படிக்கும்போது அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தங்களையே படிப்பது போல இருக்கிறது. ஆட்டிசமும் ஏடிஎச்டியும் சேர்ந்திருப்பவர்கள் கண்டுபிடிக்கப்படாமல் போனதற்கு மருத்துவக் காரணமும் உண்டு: அமெரிக்க மனநல மருத்துவர்களின் டயக்னோசிஸ் கையேடான டிஎஸ்எம், 2013இல் அதன் ஐந்தாம் பதிப்பு வரும்வரை, ஆட்டிசம் உள்ளவருக்கு ஏடிஎச்டியையும் சேர்த்துக் கொடுக்க இடம் தரவில்லை.

ஏடிஎச்டி மதிப்பீட்டுக்கு 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததற்கான விவரம் வேண்டும். பள்ளி ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்பார்கள். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ படித்து, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்தவரிடம் அது எங்கே இருக்கும்? இல்லையென்றால் வழக்கு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அம்மா, மாமா, மூத்த அக்கா என்று அந்த வயதில் கூட இருந்தவர் சொல்வது ஏற்கப்படும். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ‘குறும்பு’, ‘நல்ல பிள்ளை’ என்று பொதுவாகச் சொல்லாமல், எதை எத்தனை முறை தொலைத்தான், சோற்றில் எதைத் தொடவே மாட்டாள், எந்தச் சட்டையைப் போட மறுத்தாள் என்று குறிப்பாகச் சொல்லும்படி அவர்களை முன்பே தயார்செய்யுங்கள்.

போரைக் கண்டவர்களிடம் இன்னொரு முடிச்சு. திடீர்ச் சத்தத்துக்குத் துள்ளுவது ஷெல்லடியின் மிச்சமா, பிறவியிலேயே உள்ள புலன் கூர்மையா? சம்பவங்களுக்கு முன்பே இருந்ததா, ஆபத்தை நினைவூட்டும் சத்தம் மட்டுமா அல்லது மிக்சியும் சட்டை லேபலும் கூடவா என்று கேட்டால் பாதி தெளியும். இரண்டுமாக இருக்கலாம். அதிர்ச்சிப் பாதிப்புக்கு இஎம்டிஆர் (கண் அசைவைப் பயன்படுத்தும் தெரபி) அல்லது டிராமாவுக்கான சிபிடி என்பது தனிப் பயிற்சி வேண்டிய வேலை. இன்டக்ரேட்டிவ் பட்டயம் மட்டும் உள்ளவர் அதைத் தொடத் துணிந்தால் ‘இதற்குத் தனியே பயிற்சி எடுத்திருக்கிறீர்களா’ என்று கேட்டே ஆக வேண்டும்.

ஒப்பந்தத் தாளில் ரகசியத்தின் எல்லைகள் இருக்கும்: உயிராபத்து, குழந்தைப் பாதுகாப்பு, பெரும்பாலும் பிரிட்டனின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் பற்றி ஒரு வரி. ஈழத்திலிருந்து வந்தவர் பலர் அந்த வரியைப் பார்த்ததும் மூடிக்கொள்வார்கள். அது உங்களைக் குறிவைத்து எழுதியது இல்லை, எல்லோருக்கும் கொடுக்கும் தாள். ஆனாலும் அதன் பொருள் என்ன, எதைச் சொன்னால் வெளியே போகும் என்று, பழைய கதையைத் தொடங்கும் முன் நேராகக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

தமிழ் பேசும் ஆலோசகரா, வெள்ளைக்காரரா என்பதற்கு ஒரே பதில் இல்லை. தமிழர் என்றால் அம்மாவிடம் ‘முடியாது’ என்று சொல்வது என்ன பாரம் என்று விளக்க வேண்டியதில்லை. ‘பெற்றோரிடமிருந்து விலகிவிடுங்கள்’ என்ற சுலப ஆலோசனையும் வராது. ஆனால் அதே கோயில், அதே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி என்றால் மனம் திறக்காது. வேறு ஊரில் இருக்கும் தமிழ் ஆலோசகரை வீடியோவில் பார்ப்பதுதான் என் கணிப்பில் நல்ல நடுவழி. மொழிபெயர்ப்பாளரோடு போனால் 50 நிமிடம் பாதியாகிவிடும், நீண்ட செஷன் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு

பதின்ம வயதினரோடு வேலை செய்ய வளர்ந்தவர்களுக்கான பயிற்சி போதாது. அந்த வயதினரோடு செய்த மணி நேரங்களையும் என்ஹான்ஸ்ட் டிபிஎஸ் (குற்றப் பின்னணிச் சோதனை) சான்றையும் கேளுங்கள். பணம் கட்டுவது பெற்றோர், அறைக்குள் பேசுவது பிள்ளைக்குச் சொந்தம். இந்த இடத்தில்தான் நம் குடும்பங்களில் சண்டை வரும். 1985இன் கில்லிக் தீர்ப்புப்படி, 16 வயதுக்குக் கீழ் இருந்தாலும் விஷயம் புரிகிற முதிர்ச்சி இருந்தால் பிள்ளையே சம்மதம் கொடுக்கலாம். நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பில் மூவரையும் உட்கார வைத்து, எது வீட்டுக்கு வரும், எது வராது என்று எழுதிவிடுவார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளையின் அனுமதியோடு ஒரு பொதுப் பேச்சு வைத்துக்கொள்வார். காரில் ஏறியதும் ‘என்ன கேட்டாங்க, என்ன சொன்ன’ என்று விசாரிக்காமல் இருப்பது பெற்றோரின் பங்கு.

50 நிமிடம் நேராக உட்கார்ந்து பேசுவது 13 வயதுக்கு ஒத்துவராது. வரைவது, விளையாட்டு, மைன்கிராஃப்டில் கட்டிக்கொண்டே பேசுவது எல்லாம் முறையான வேலைதான். பரீட்சையில் 25 சதவீதக் கூடுதல் நேரம் போன்றவை பள்ளியின் சென்கோ (சிறப்புக் கல்வித் தேவைகளைக் கவனிக்கும் ஆசிரியர்) வழியாக வருவது, ஆலோசகர் தர முடியாது. பணம் இல்லாதவர்கள் முதலில் பள்ளியைக் கேட்கலாம். வேல்ஸில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 11 முதல் 18 வயதினருக்குக் கவுன்சலிங் கிடைக்கச் செய்வது உள்ளூராட்சியின் கடமை, இங்கிலாந்தில் அப்படி இல்லை. சைல்ட்லைன் 0800 1111 நாடு முழுவதும் இலவசம். பெரியவர்களுக்கு சமாரிட்டன்ஸ் 116 123.

என்எச்எஸ் போதாதா?

கவலை, டிப்ரஷன்தான் முன்னால் நிற்கிறது என்றால் முதலில் அங்கே போங்கள். அரசின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ் இங்கிலாந்தில் நடத்தும் ‘டாக்கிங் தெரபீஸ்’ இலவசம், ஜிபி இல்லாமல் நேரே பதியலாம், மொழிபெயர்ப்பாளர் தருவார்கள். ஆனால் பெரும்பகுதி சிபிடி, செஷன்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, ஒவ்வொரு முறையும் டிப்ரஷனையும் கவலையையும் அளக்கும் பிஎச்க்யூ-9, ஜிஏடி-7 படிவங்களை நிரப்ப வேண்டும். பதிவு செய்யும்போதே ஆட்டிசம், ஏடிஎச்டி என்று சொல்லி, மேலே உள்ள நைஸ் மாற்றங்களை எழுத்தில் கேளுங்கள். சொல்லாவிட்டால் வழக்கமான சிகிச்சைதான் வரும். டயக்னோசிஸே இன்னும் வரவில்லை என்றால், இங்கிலாந்தில் ‘ரைட் டு சூஸ்’ வழியாக வேறு நிறுவனத்துக்கு அனுப்பும்படி ஜிபியிடம் கேட்கலாம். தனியாரிடம் சொந்தக் காசில் ஏடிஎச்டி டயக்னோசிஸ் எடுக்கும் முன், மருந்தை என்எச்எஸ்ஸில் தொடரும் ஷேர்ட் கேர் ஏற்பாட்டுக்கு உங்கள் ஜிபி சம்மதிப்பாரா என்று கேட்டுவிடுங்கள், மறுக்க அவருக்கு உரிமை உண்டு.

முதல் அழைப்பில் கேட்க வேண்டியவை

பெரும்பாலானவர்கள் 15, 20 நிமிட இலவச அழைப்பு தருவார்கள். அதில் உங்கள் கதையைச் சொல்லித் தீர்க்காதீர்கள், நேரம் போய்விடும். கேள்விகளை எழுதிவைத்துப் படித்தே கேளுங்கள். பேச்சு வராதவர் மின்னஞ்சலில் அனுப்பலாம். ‘ஆட்டிசம் உள்ளவருக்கு உங்கள் வழக்கத்தில் எதை மாற்றுவீர்கள்?’ என்பதுதான் முதன்மைக் கேள்வி. ‘ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார்க்கிறேன்’ என்பது பதில் இல்லை. ‘முதல் செஷனுக்கு முன் அறையின் படமும் என்ன நடக்கும் என்ற குறிப்பும் அனுப்புவேன், முடிய பத்து நிமிடம் இருக்கும்போது சொல்வேன்’ என்பது பதில். அடுத்து: நான் பேசாமல் இருந்தால் என்ன செய்வீர்கள்? செஷனை மறந்துவிட்டால்? உங்கள் சூப்பர்வைசருக்கு இந்தத் துறை தெரியுமா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. தவறாகப் போகும்போது ஆலோசகரைத் திருத்துவது அந்த ஆள்தான் என்பதால் அதைக் கட்டாயம் கேளுங்கள். தனக்கே ஆட்டிசம் உண்டு என்று சொல்லும் ஆலோசகரிடம் பலருக்கு உடனே நிம்மதி வரும். அது கூடுதல் தகுதிதான். ஆனால் தன் அனுபவமே உங்கள் அனுபவம் என்று எடுத்துக்கொள்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

நான்காவது செஷனில் நின்று பாருங்கள். அவர் முன் நடிக்கிறீர்களா, வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுகிறீர்களா, முதல் வாரம் கேட்ட மாற்றம் இன்னும் நடக்கிறதா? நடிப்பு தொடர்கிறது என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள், பேசத் தயங்கினால் எழுதிக் கொடுங்கள். சொன்னபின் அவர் முறையை மாற்றினால் தங்குங்கள். உங்களையே மாறச் சொன்னால் ஒரு வரி மின்னஞ்சலில் முடித்துக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டிய கடமை இல்லை.

நன்றாகப் போய் முடிக்கும் கட்டம் வந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், கடைசி செஷனின் தேதியைக் குறைந்தது ஆறு வாரம் முன்பே குறித்துவிடச் சொல்லுங்கள். அந்த ஆறு வாரத்தில் ஒன்றை, உங்களுக்கு எது உதவுகிறது, எது முடக்குகிறது, துவளும்போது முதலில் தெரியும் அறிகுறி எது என்று ஒரு பக்கத்தில் சேர்ந்து எழுத ஒதுக்குங்கள். ஜிபிக்கும் வேலையிடத்துக்கும் அடுத்து எப்போதாவது போகும் ஆலோசகருக்கும் அதே தாளின் நகல் போதும்.